தேனப்பன் கரடியும் எழுந்திருக்காத பெட்டியும்

ஒரு காட்டில் ஒரு கரடியும், அந்தக் கரடிக்கு ஒரு குகையும், அந்தக் குகைக்குள் ஒரு பெட்டியும் இருந்தன. கரடியின் பெயர் தேனப்பன். பெட்டியைச் சர்வர் என்று சொல்வார்கள். காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். நம் பக்கத்துக் காட்டில் சிங்கம் ஏது என்று கேட்பீர்கள். அது வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த சிங்கம். வந்த நாள் முதல் இந்த ஊர்ப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்று புலம்பிக்கொண்டே இருக்கிறது, ஆனால் திரும்பிப் போகத்தான் மாட்டேன் என்கிறது.

கதைக்கு வருவோம். அந்தக் காட்டில் எல்லா மிருகங்களிடமும் கைப்பேசி வந்துவிட்டது. கைப்பேசி வந்தபின் படம் எடுக்காமல் இருக்க முடியுமா? மான் தண்ணீர் குடித்தால் ஒரு படம். பன்றி சேற்றில் இறங்கும் முன் ஒரு படம், இறங்கிய பின் ஒரு படம், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று இன்னொரு படம். கைப்பேசிகளில் இடம் போதவில்லை. “மேகத்தில் ஏற்றிவிடலாம், மாதா மாதம் வாடகை கட்டினால் போதும்” என்று ஒரு நாரை வந்து ஆசை காட்டியது. ஐப்பசி மாதத்தில் மேகம் என்ன ஆகும் என்று அந்தக் காட்டில் பிறந்த குஞ்சுக்குக்கூடத் தெரியும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டன.

கடைசியில் பொதுவாக ஒரு பெட்டி வாங்கி, ஒழுகாத ஒரு குகையில் வைத்தன. குகையும் பொது, பெட்டியும் பொது. எந்த மிருகம் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறதோ அது குகையில் குடியிருக்கலாம். தேனப்பன் முந்திக்கொண்டது. காரணம் இருக்கிறது. அதன் மனைவி உமையாள் கர்ப்பமாக இருந்தது. குட்டி பிறக்கும் நேரமும் அடைமழை பிடிக்கும் நேரமும் ஒன்று. அந்தக் குகையை விட்டால் நனையாத இடம் காட்டில் வேறு கிடையாது. இந்தக் கதையில் நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் குகைக்காக மட்டும்தான். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் செங்கல் கனத்தில் நாலு டிஸ்க். காட்டின் படங்களும் பத்திரங்களும் அந்த நாலில்தான் இருந்தன. பெட்டியின் முதுகில் விரல் நுனி அளவு ஒரு பென் டிரைவ். பெட்டி கண் விழித்ததும் ‘நீ ஒரு சர்வர், எழுந்து வேலையைப் பார்’ என்று அதற்குச் சொல்வது அந்தக் குச்சியின் வேலை. சொத்து டிஸ்கில், புத்தி குச்சியில். நிறைய வீடுகளில் இப்படித்தான்.

ஆயுத பூஜை வந்தது. நம் ஜனங்களுக்கும் சரி, நம் மிருகங்களுக்கும் சரி, ஒரு இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சும்மா விட மனசு வராது. தேனப்பன் குளித்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, சந்தனத்தைக் குழைத்தது. மூடிக்குப் பொட்டு, நாலு டிஸ்குக்கும் நாலு பொட்டு, சுவிட்சுக்குப் பொட்டு, ஒயருக்குப் பட்டை. பிறகு முதுகுப் பக்கம் போனது. அங்கே பென் டிரைவ் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“உமையா, இங்க பாரு, கண்ணைச் சிமிட்டுது. சாமி இதுலதான் குடியிருக்கு.”

“இருந்தா இருக்கட்டும். ஈரச் சந்தனத்தை அதுமேல அப்பாதீங்க.”

“எல்லாத்துக்கும் வச்சிட்டு இதை விட்டா கோவிச்சுக்காதா?”

கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று மற்றவற்றைவிடப் பெரிய பொட்டாக வைத்தது. அதன் மேல் குங்குமம். போதாக்குறைக்குப் பன்னீர். குச்சி ஒரு தடவை பலமாக மினுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. சாமி தியானத்தில் இருக்கிறது என்று கரடி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறுநாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. விசிறி சுற்றியது, டிஸ்குகள் உறுமின, திரையில் மட்டும் ‘எதிலிருந்து எழுவது என்று தெரியவில்லை’ என்று ஒரு வரி நின்றது. தேனப்பன் அணைத்துப் போட்டது. தட்டிப் போட்டது. தேங்காய் உடைத்துவிட்டும் போட்டுப் பார்த்தது. அந்த வரி அசையவில்லை.

காட்டில் பழுது பார்ப்பது மரங்கொத்தி. அது வந்து பெட்டியை இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தலையை ஆட்டியது.

“போச்சு.”

“எது போச்சு?”

“எல்லாந்தான். புதுசு வாங்கிடுங்க.”

“தெறந்தே பாக்கலியே?”

“தெறந்து பாத்தா போகாமலா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு மரங்கொத்தி பறந்தது. பறந்த வழியெல்லாம் ஒவ்வொரு மரமாகத் தட்டிச் செய்தியைச் சொல்லிக்கொண்டே போனது. கரடி குகைக்கு வெளியே வருவதற்குள் காடே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

ஆலமரத்தடியில் கூட்டம். முதலில் வந்து விழுந்தது சிகாமணி என்ற மயில்.

“ஐயோ, என் நடனம்! நான் ஆடி முடிக்கிறதுக்குள்ள வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சே, அந்த வீடியோ! அது ஒண்ணுதானே சாட்சி!”

அப்படி ஒரு மழை பெய்ததாக எந்த மிருகத்துக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவரிடம் போய்க் கேள்வி கேட்பதா? தேற்றுவதற்காக மயிலுக்கு ‘நாட்டியச் சுடர்’ என்று அங்கேயே ஒரு பட்டம் கொடுத்தன. மயில் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டது.

அடுத்து கும்பலிங்கம் என்ற குள்ளநரி. ஆற்றங்கரை மூங்கில் தோப்பு முழுவதையும் பழைய ராஜா அதன் பூட்டனுக்கு எழுதிக் கொடுத்தாராம். பத்திரத்தின் ஸ்கேன் பெட்டிக்குள் இருந்ததாம்.

“மூலப் பத்திரம்?” என்று கேட்டது யானை.

“கரையான் அரிச்சிருச்சு.”

“அப்ப ஸ்கேன்?”

“அதைக் கரடி அரிச்சிருச்சு!” என்று நரி நெஞ்சில் அடித்துக்கொண்டது. பத்திரம் திரும்பி வரும்வரை தோப்பை நரியே அனுபவிக்கட்டும் என்று கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவு செய்தது.

இதைப் பார்த்ததும் மற்றவைக்கும் ஞாபகசக்தி பெருகியது. எருமை எழுதி முடித்திருந்த மகாகாவியம் போய்விட்டது. முயல் ஒரு புலியை மிரட்டிய வீடியோ போய்விட்டது. பெட்டியில் ஒரு படம்கூடப் போட்டிராத உடும்பும் தன்னுடைய இழப்பைச் சொல்ல வார்த்தையே இல்லை என்றது. அது உண்மைதான்.

கடைசியாகச் சிங்கம் தொண்டையைக் கனைத்தது. “நான் ஒரு நாள் தன்னந்தனியாக ஒரு காட்டெருமைக் கூட்டத்தையே...” என்று தொடங்கி, தழுதழுத்து, கையை உயர்த்தித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. “போகட்டும். வீரத்துக்கு வீடியோ எதற்கு? ஆனால் பொதுச் சொத்து என்று ஒன்று இருக்கிறது, பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. அடைமழை பிடிக்கும் முன் பெட்டியில் இருந்த அத்தனையும் மீண்டு வர வேண்டும். வராவிட்டால் தேனப்பன் குகையைக் காலி செய்ய வேண்டும்.”

பலத்த கைதட்டல். எல்லாம் போய்விட்டது என்று மரங்கொத்தி ஏற்கெனவே சொல்லிவிட்டதால் எல்லாவற்றுக்கும் தைரியம்.

தேனப்பன் குகைக்கு வந்து உட்கார்ந்து அழுதது. கரடி அழுதால் பார்க்கச் சகிக்காது. உமையாள் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, “அழுதா அது எந்திரிக்குமா? குளத்துல போய்க் கேளுங்க” என்றது.

குளத்தில் தவளைகளின் குழு ஒன்று உண்டு. உலகத்தில் எந்த இயந்திரத்தைப் பற்றிய சந்தேகத்தையும் அங்கே கேட்கலாம். பதில் கட்டாயம் வரும். கேட்ட கேள்விக்கு வருமா என்பதுதான் சந்தேகம்.

“பெட்டி எந்திரிக்க மாட்டேங்குதுங்க” என்றது தேனப்பன்.

“பேக்கப் இருக்கா? பேக்கப் இருக்கா? பேக்கப் இருக்கா?” என்று குளம் முழுக்கக் கத்தியது.

“பெட்டியோட அமைப்புக்கெல்லாம் நகல் எடுத்து வச்சிருக்கேன்.”

குளம் கப்சிப் ஆனது. இப்படி ஒரு பதிலை அது கேட்டதே இல்லை. “எங்க வச்சிருக்கே?” என்றது ஒரு தவளை, மரியாதையாக.

“பத்திரமா இருக்கட்டும்னு அந்தக் குச்சியிலேயேதான்.”

சிரித்த சிரிப்பில் தண்ணீர் கரை மேல் ஏறிவிட்டது. பிறகு ஒரு தவளை, இதே கேள்வியை ஒரு நண்டு முன்பே கேட்டிருக்கிறது, தேடிப் பார்க்காமல் வந்து உயிரை எடுக்காதே என்றது. இன்னொன்று, நானெல்லாம் வேறு பெட்டி வைத்திருக்கிறேன், எனக்குப் பிரச்சினையே வந்ததில்லை என்றது. மூன்றாவது அதன் பெட்டியைப் பழித்தது. இரண்டும் கட்டிப் புரண்டன. கரடி ஒன்று கரையில் நிற்பதே குளத்துக்கு மறந்துபோயிற்று.

ஓரத்தில் கிடந்த ஒரு சொறித்தவளைக்கு மட்டும் மனசு இளகியது. “குச்சிதான செத்துச்சு? டிஸ்க் நாலும் சுத்துதா?”

“சுத்துதுங்க.”

“அப்புறம் என்னத்துக்கு அழுவுற? எழுப்பிவிடுறவன் செத்தா வீட்ல உள்ளவன்லாம் செத்துட்டான்னு அர்த்தமா? புதுக் குச்சி ஒண்ணு வாங்கு, பழைய மென்பொருளையே அதுல ஏத்து, டிஸ்கைக் காட்டு. அதுங்க யாருன்னு அதுங்களுக்கே தெரியும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஏத்தும்போது டிஸ்கை அழிச்சிடாத.”

தேனப்பன் ஓடிப்போய்ப் புதுக் குச்சியும் மென்பொருள் சி.டி.யும் வாங்கி வந்து செருகியது. திரை விழித்தது. விழித்ததும் அது கேட்ட முதல் கேள்வி இது: ‘எந்த டிஸ்கை அழித்துவிட்டு என்னை அங்கே ஏற்றட்டும்?’ கீழே ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றும் வாலில்லாத எண்களும் தலையில்லாத எழுத்துகளுமாக இருந்தது. எது குச்சி, எது காட்டின் சொத்து? கரடியின் நகம் ஒரு விசையைத் தொடப் போனால் பக்கத்து விசையும் சேர்ந்து அமுங்கும்.

“இருங்க, இருங்க!” என்று உமையாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது. “நாலு டிஸ்கையும் உருவி வெளிய வையுங்க.”

“எதுக்கு?”

“உள்ள இல்லாததை எப்படிங்க அழிக்கும்?”

தேனப்பன் மனைவியைப் பார்த்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்னொரு முறை அதைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. எது எந்தப் பொந்தில் இருந்தது என்று கரியால் குறி போட்டு நாலையும் உருவி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தது. இப்போது திரையில் ஒரே ஒரு பெயர். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை வைத்தது.

மென்பொருள் ஏறியது. பெட்டியை அணைத்து, டிஸ்குகளைக் குறி பார்த்துச் செருகி, மறுபடி போட்டன கரடியும் மனைவியும். திரை யோசித்தது. உமையாள் தேனப்பனின் கையைப் பிடித்துக்கொண்டது. ‘பழைய சொத்து ஒன்று தெரிகிறது. சேர்த்துக்கொள்ளவா?’ என்றது திரை.

“சேத்துக்க, ராசா, சேத்துக்க!”

‘பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு?’

அது தேனப்பனுக்கும் உமையாளுக்கும் மட்டும் தெரிந்தது. தேனப்பன் வைத்திருந்தது மாமியாரின் பெயரை. எந்தக் கரடியால் மறக்க முடியும்? அடித்ததும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, மானின் தண்ணீர் முதல் பன்றியின் சேறு வரை. தேனப்பன் குதித்தது. குட்டிக்கரணம் போட்டது. “ஆடாதீங்க, குகை இடிஞ்சு விழுந்துடப் போகுது!” என்று கத்திய உமையாளும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குகைக்குள் அதுவரை வந்ததில்லை.

“எதுக்கும் ரெண்டைத் தெறந்து பாத்துடலாம், சரியா ஓடுதான்னு” என்றது தேனப்பன்.

மயிலின் வீடியோவைத் திறந்தது. பளிச்சென்ற வெயில். மயில் தோகையை விரித்தது, திரும்பியது, தன் தோகையைத் தானே மிதித்தது, பள்ளத்தில் விழுந்தது. மழையைக் காணோம். நரியின் பத்திரத்தைத் திறந்தது. அது பத்திரம் இல்லை. மூங்கில் தோப்புக்குள் கால் வைத்தால் காலை முறிப்போம் என்று பழைய ராஜா நரியின் பூட்டனுக்கு அனுப்பிய எச்சரிக்கை. காவியம் இருக்க வேண்டிய இடத்தில் எருமை ‘அ’ என்று அடித்துவிட்டுத் தூங்கியிருந்தது. கடைசியாகச் சிங்கம். ஒரு மரம் தெரிந்தது. மரத்தின் உச்சிக் கிளையைக் கட்டிக்கொண்டு சிங்கம். கீழே காட்டெருமைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு கன்று, அதுவும் புல் தின்றுகொண்டிருந்தது.

சிரித்துச் சிரித்துக் கரடிகளுக்கு விக்கல் எடுத்தது. விக்கல் நின்றதும் உமையாள் முகம் மாறியது.

“ஏங்க, எல்லாம் வந்துடுச்சுன்னு வெளிய சொல்லிட்டீங்களா?”

“குரங்குகிட்ட மட்டும் சொன்னேன்.”

குரங்கிடம் சொன்னால் போதுமே. மயில் முதல் ஆளாக வந்து குகை வாசலில் நின்றது. “அண்ணே, எல்லாருக்கும் வரட்டும், நல்லா இருக்கட்டும். எனக்கு மட்டும் வரலைன்னு சொல்லிடுங்க அண்ணே. பட்டத்தைத் திருப்பிக் குடுத்தா நான் பொண்டாட்டிங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” அது போனதும் நரி வந்தது. தோப்பில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னது. தேனப்பன் திருதிருவென்று விழித்ததும், இந்தக் குகையைப் பற்றியும் தன் பூட்டன் காலத்து ஆவணம் எதையாவது தேட வேண்டியிருக்கும் என்றது. எருமை வந்து ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போனது. கடைசியில் வாசல் இருண்டது. சிங்கம்.

“தேனப்பன், பெட்டி பிழைத்துவிட்டதாமே. மகிழ்ச்சி.” சிங்கம் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. “பழைய வீடியோக்கள் சில சமயம் மாறிப் போய்விடும் என்று கேள்வி. உயரத்தில் நிற்பதுபோலெல்லாம் காட்டும் என்று கேள்வி. அப்படிப்பட்ட பெட்டியை வைத்திருக்கும் கரடி காட்டில் இருப்பது நல்லதா என்று யோசிக்கிறேன். நாளைக் காலை கூட்டம்.”

சிங்கம் போனதும் தேனப்பன் பொத்தென்று உட்கார்ந்தது. “வரலைன்னு சொன்னா உத்தரவுப்படி வெளிய போகணும். வந்துடுச்சுன்னு சொன்னா இதுங்களே நம்மளக் கிழிச்சுத் தோரணம் கட்டிடும். பாடுபட்டு மீட்டதுக்கு இதுவா உமையா கூலி?”

வெளியே இடி இடித்தது. உமையாளின் வயிற்றிலும் எதுவோ புரண்டது.

காலையில் ஆலமரத்தடியில் காடே கூடியிருந்தது. மேகம் தலைக்கு மேல் கறுத்து நின்றது. தேனப்பன் நடுவில் வந்து நின்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத கரடி அது.

“வந்துடுச்சுங்க” என்றது. “எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணுகூட விடாம.”

மயிலின் தோகை தானாகச் சுருங்கியது. நரி ஓடும் வழி பார்த்தது. சிங்கத்தின் நகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உமையாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நிற்பதைத் தேனப்பன் பார்த்தது. முதல் சொட்டு அதன் மூக்கில் விழுந்தது.

“ஆனா... பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க.”

நரிதான் முதலில் சுதாரித்தது. “அப்படின்னா, உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு?”

“பத்திரமா இருக்கு.”

“யாராலயும் தெறக்க முடியாது?”

“யாராலயும் முடியாது.”

ஆலமரத்தடியில் எழுந்த ஆரவாரத்தில் வௌவால்கள் பகலிலேயே பறந்தன. மயில் நரியைக் கட்டிக்கொண்டது. எருமை துள்ளியது, நிலம் அதிர்ந்தது. சிங்கம், “இதைவிட நல்ல செய்தி...” என்று தொடங்கி, “அதாவது, வருந்தத்தக்க செய்தி” என்று முடித்தது. உத்தரவில் ‘மீண்டு வர வேண்டும்’ என்றுதான் இருக்கிறது, ‘திறக்க வேண்டும்’ என்று இல்லை, ஆகவே குகை தேனப்பனுக்கே என்று நரி ஒரு வக்கீலைப்போல் எடுத்துச் சொன்னது. ஒரு மிருகம்கூட மறுக்கவில்லை.

“பாஸ்வேர்டுதான? நான் ஒடைச்சுத் தரவா?” என்றது மரங்கொத்தி கிளையிலிருந்து.

காடே சேர்ந்து அதைத் துரத்தியது. மலைக்கு அந்தப் பக்கம்வரை துரத்திவிட்டுத்தான் திரும்பியது.

அன்றே மழை பிடித்தது. உமையாளுக்குக் குட்டிகள் இரண்டு. வெளியே ஆறு ஓடியது, குகைக்குள் ஒரு சொட்டு இல்லை. குட்டிகள் காய்ந்த சருகில் உருண்டு படுத்திருந்ததைப் பார்த்துத் தேனப்பன் மறுபடி அழுதது, இந்த முறை சந்தோஷமாக.

பெட்டிக்கு மவுசு கூடிவிட்டது. உள்ளே போடப் பாஸ்வேர்டு வேண்டாம், எடுக்கத்தான் வேண்டும் என்று தேனப்பன் சொல்லிவிட்டதால் தினமும் வாசலில் வரிசை. முயல் தன் மூன்றாவது புலியை உள்ளே பத்திரப்படுத்திவிட்டுப் போனது. எருமைக்கு இரண்டாம் காவியம். உடும்பு எதையும் கொண்டு வராமலே வந்து, ரகசியமாக வைத்துவிட்டதாகச் சொல்லித் திரும்பியது. ஒவ்வொன்றும் ஒரு தேனடை கொடுத்துவிட்டு, பெட்டியை மூன்று முறை சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனது. பக்கத்துக் காட்டிலிருந்தும் ஆள் வந்தது, இதேபோல் திறக்காத பெட்டி ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டு.

மழை விடாத ஒரு மத்தியானம், சிங்கம் தலைக்கு மேல் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. குகைக்குள்ளிருந்து அடக்க முடியாத சிரிப்புச் சத்தம். வாசலில் நின்று, “என்ன தேனப்பன், அப்படி என்ன சிரிப்பு?” என்று கேட்டது.

உள்ளே எதையோ படக்கென்று மூடும் சத்தம் கேட்டது. தேனப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. “குட்டிங்கய்யா. மரத்துல ஏறத் தெரிஞ்சிருச்சு. எறங்கத் தெரியாம கிளையைக் கட்டிக்கிட்டு முழிக்குது.”

சிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. “பாவம், கோழை” என்று சொல்லிவிட்டு, இலையைச் சரிசெய்துகொண்டு மழையில் கம்பீரமாக நடந்து போனது.

நீதி: தொலைந்ததைப் பாடுபட்டு மீட்டுவிடு, மீட்டதை ஒரு தடவை பார்த்துவிடு, பார்த்த கையோடு, ஊரறியப் பாஸ்வேர்டை மறந்துவிடு.